ஆயுத பூஜைக்கு அணைத்த லேப்டாப்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சென்டர் என்பதெல்லாம் போர்டில் மட்டும்தான். உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், அப்புறம் நான். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்று சொல்லிச் சொல்லியே எனக்கு நாக்கு நீண்டுவிட்டது. வைஜெயந்தி அக்காவிடம் சந்தேகம் கேட்பதும் தேள் கொடுக்கில் விரலை வைப்பதும் ஒன்று என்று ஊரில் பேச்சு. அதை நான் மறுப்பதில்லை. விஜயகுமாரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் நாக்கைப் பற்றியும் எழுதாமல் முடியாது.

விஜயகுமார் உப்பளத்தில் மோட்டார் ஆள். போர்வெல்லிலிருந்து உப்புத் தண்ணீரை இழுத்துப் பாத்திகளுக்கு விட வேண்டும். எந்தப் பாத்திக்கு எவ்வளவு என்று பார்த்து மடையைத் திறக்க வேண்டும், அடைக்க வேண்டும். தை மாசம் தொடங்கி மழை வரும் வரைக்கும் அந்தக் கொட்டகைதான் அவனுக்கு எல்லாம். நாற்பத்தைந்து வயது, ஒன்பதாவது வரை படிப்பு. வாயைத் திறக்க மாட்டான். ஒன்று கேட்டால் தலையை ஆட்டுவான். ஆட்டியது ஆமாவா இல்லையா என்பதைக் கேட்டவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அவன் மனைவி தெய்வநாயகி அதே உப்பளத்தில் உப்பு வாருகிறவள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அவள் ஒரு பாத்தியில் நின்று திட்டினால் மூன்றாவது பாத்தியில் இருக்கிறவன் திருந்திவிடுவான் என்று மேஸ்திரி அப்பாதுரை சொல்வார். புருஷனை ‘யோவ்’ என்றுதான் கூப்பிடுவாள். அந்த ‘யோவ்’ கேட்டால் வரப்பில் போய்க்கொண்டிருப்பவன் நின்று திரும்பிப் பார்ப்பான், முகம் மலர்ந்திருக்கும். நானே பார்த்திருக்கிறேன். பார்த்துக் கொஞ்சம் வயிறெரிந்தும் இருக்கிறேன், எதற்கு ஒளிக்க வேண்டும்.

மோட்டார் ஓடும்போது மோட்டார் ஆளுக்கு வேலை குறைவு. ஆனாலும் இடத்தை விட்டு நகர முடியாது. அந்த நேரத்தில் மற்றவர்கள் ரீல்ஸ் பார்ப்பார்கள். இவன் போனில் புரோகிராமிங் சொல்லித் தரும் தமிழ் வீடியோக்களைப் பார்த்தான். தொட்டியில் தண்ணீர் ஏறினால் போனில் மணி அடிக்க வேண்டும், அதுதான் ஆசை. கொழுந்தியாள் மகனிடமிருந்து ஒரு பழைய லேப்டாப்பை வாங்கினான். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, கரண்ட் இருந்தால்தான் உயிர். கொட்டகை விளக்குக்காக முதலாளி வைத்திருந்த இன்வெர்ட்டரில் அதைச் செருகி வைத்தான். சந்தேகம் வந்தால் லாங் சைஸ் நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவான். கியூவில் எல்லோரும் போகும் வரை சுவரோரம் நிற்பான். மணி அடிக்க வைக்க ஒன்றரை வருஷம் ஆனது. அடித்த அன்று எனக்கு ஒரு கிலோ எறா வாங்கி வந்து கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனான்.

போன வருஷம் ஆடியில் தெய்வநாயகிக்குத் தொண்டை கட்டியது. மிளகுப் பால், சுக்கு, பிறகு மருந்துக்கடை மாத்திரை என்று இரண்டு மாசம் ஓட்டினார்கள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டி என்றார்கள், கெட்ட கட்டி என்றார்கள், குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். உயிருக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது. குரல் மட்டும் இருக்காது. கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விட வேண்டியிருக்கும். அக்டோபர் மூன்றாம் தேதி வந்து சேருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு விஜயகுமார் அழுதானா, என்ன சொன்னான் என்பது எனக்குத் தெரியாது. மறுநாளே நோட்டோடு கடைக்கு வந்தான். ஒரு பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். படத்தைத் தொட்டால் தெய்வநாயகியின் குரல் வர வேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ‘தண்ணி வேணும்’. தட்டைத் தொட்டால் ‘பசிக்குது’. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கேட்டு, நோயாளிக்கு என்னென்ன கேட்க வேண்டியிருக்கும் என்று பட்டியலே வாங்கி வந்திருந்தான். நூற்று அறுபத்து மூன்று வார்த்தைகள்.

பதினோரு நாள், தினமும் வேலை முடிந்ததும் தெய்வநாயகி மோட்டார் கொட்டகைக்கு வந்தாள். கொட்டகையில் இரைச்சல். அதற்காக விஜயகுமார் மோட்டாரை நிறுத்தினான். இது எவ்வளவு பெரிய காரியம் என்பது உப்பளத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். ஓடுகிற மோட்டாரை நிறுத்தினால் குழாயில் ஏறிய தண்ணீர் இறங்கிவிடும். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினால்தான் மறுபடி இழுக்கும். தானாக நிற்கும் வரை மோட்டாரை நிறுத்தாதே என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். இவன் பதினோரு நாளும் நிறுத்தினான், அரை மணி நேரம் அவள் குரலைப் பிடித்தான், பிறகு பதினைந்து குடம் சுமந்து ஊற்றினான்.

இனி என் பங்கு.

ரெக்கார்ட் தொடங்கிய மூன்றாம் நாள் அவன் கடைக்கு வந்தான். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்று. கடை வாசலில் நாற்பது தாய்மார்கள், சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் நின்றவன் மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, பேசறதெல்லாம் புரோகிராமுக்குள்ள ஏறுது. கேக்குது. மூடிட்டுத் திரும்பத் தொறந்தா ஒண்ணும் இல்ல. என்னா பண்றது?”

“மூடாத,” என்றேன். “அவ்ளோதான். மூடாம வெச்சிரு, அது பாட்டுக்கு இருக்கும். போ, அப்பறம் பாக்கலாம்.”

அந்த ‘அப்பறம்’ வரவில்லை. புரோகிராம் ஓடும்போது மனசில் வைத்திருப்பது வேறு, ஃபைலாக எழுதி வைப்பது வேறு என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் போதும். ஃபைலாக எழுதிவிட்டால் மெஷின் அணைந்தாலும் இருக்கும், நாளைக்குத் திறந்து படித்துக்கொள்ளலாம். இதைப் பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறவள் நான். ஓடுவதை நிறுத்தாதே என்ற பேச்சு மோட்டார் ஆளுக்குப் பழகிய பேச்சு. அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டு போய்விட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது இன்னொருத்தியின் குரல்.

ஆயுத பூஜை அக்டோபர் முதல் தேதி வந்தது. அன்று விஜயகுமாரும் தெய்வநாயகியும் கடைசிச் சோதனைக்காகப் புதுச்சேரி போயிருந்தார்கள். உப்பளத்தில் மேஸ்திரி அப்பாதுரை பூஜைக்கு ஏற்பாடு செய்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, இந்தக் காரியத்தில் குறை வைக்கவே மாட்டார். ஆயுத பூஜை அன்று ஓடுகிற எதுவும் ஓடக் கூடாது. மோட்டாரை நிறுத்தினார், கிரீஸ் போகத் துடைத்தார், சந்தனம் குங்குமம் வைத்தார். வாரும் பலகைகளைக் கழுவி வரிசையாகச் சாத்தினார். ஸ்பேனர், மண்வெட்டி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு. இன்வெர்ட்டரையும் அணைத்துத் துடைத்தார். மூலையில் பெட்டி மேல் வெளிச்சம் போட்டபடி இருந்த லேப்டாப்பைப் பார்த்திருக்கிறார். பாவம் விஜயகுமார், அவனுடைய ஆயுதத்துக்கும் ஒரு பொட்டு வைக்காமல் விடலாமா? ஒயரைப் பிடுங்கி, மூடி, ஈரத்துணியால் ஒரு தரமும் காய்ந்த துணியால் ஒரு தரமும் துடைத்து, மேலே மூன்று பொட்டு வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, வாழையிலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். அந்த அம்மாவுக்கு நல்லபடியாகக் குணமாக வேண்டும் என்று தனியாக ஒரு தேங்காயும் உடைத்தாராம்.

அவரை யார் குறை சொல்ல முடியும்? பொரி கடலையில் அவர்களுக்கு ஒரு பங்கு கட்டி வைத்திருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு விஜயகுமார் என் கடைக்கு வந்தான். கையில் சந்தனப் பொட்டோடு லேப்டாப். என் ஜெராக்ஸ் மெஷினுக்கும் அதே மாதிரி பொட்டு வைத்துவிட்டு அப்போதுதான் பூட்டப் போனேன்.

“அக்கா, ஒண்ணும் இல்லக்கா,” என்றான்.

லேப்டாப்பைச் செருகித் திறந்து பார்த்தேன். கட்டங்கள் இருந்தன, படங்கள் இருந்தன. குடத்தைத் தொட்டேன், சத்தமில்லை. தட்டைத் தொட்டேன், சத்தமில்லை. மெஷின் முழுக்கத் தேடினேன். எழுதி வைத்தால்தானே கிடைக்கும்.

“எங்கய்யா சேவ் பண்ணி வெச்ச? ஒரு காப்பி கூடவா எடுக்கல? இவ்ளோ படிச்ச, இது தெரியாதா?” என்று கத்தினேன். தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு இப்படிக் குரல் ஏறும். அது என் பிறவிக் குணம்.

அவன் என் மேல் பழி போடவில்லை. “பாத்தியில உப்புப் பூத்துக் கெடந்திச்சி. வாராம விட்டுட்டேங்க்கா,” என்றான். அவ்வளவுதான்.

வாசல் பெஞ்சில் ஆஸ்பத்திரி கவரை மடியில் வைத்துக்கொண்டு தெய்வநாயகி உட்கார்ந்திருந்தாள். அன்று தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்திருந்தார்கள். பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அங்கிருந்தே, கிழிந்த சாக்கை இழுப்பது போல ஒரு குரல் வந்தது.

“அவர ஏன்க்கா திட்ற? எனக்குத் திட்றதுக்குக் கொஞ்சம் மிச்சம் வை.”

அப்போதுதான் நான் அழுதேன். ‘நான்தாம்மா சொன்னேன், மூடாதன்னு நான்தான் சொன்னேன்’ என்று அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். வாய் திறந்து மன்னித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று ராத்திரி கடையிலேயே இருந்து அவன் புரோகிராமில் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தேன். மொத்தம் ஒன்பது வரிகள்தான். ஒரு வார்த்தை பேசி முடித்த கணமே அது தனி ஃபைலாக எழுதப்பட்டுவிடும். திறக்கும்போது எல்லா ஃபைலையும் படித்து அதனதன் கட்டத்தில் வைத்துவிடும். என் குரலில் ‘வைஜெயந்தி ஒரு முட்டாள்’ என்று பேசி, ஒயரைப் பிடுங்கி, மறுபடி செருகிப் பார்த்தேன். லேப்டாப் தெளிவாகச் சொன்னது. விஜயகுமார் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் விஜயதசமி. அதற்கு மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இருப்பது ஒரே ஒரு நாள், தொண்டையில் மிச்சம் இருப்பது கொஞ்சம் குரல். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குள் உட்கார்ந்தோம். விஜயகுமார் நூற்று அறுபத்து மூன்று வார்த்தைப் பட்டியலை விரித்து வைத்தான். அவள் அதைப் பார்த்தாள், மூடினாள், அவனைப் பார்த்தாள்.

“யோவ். போய் டீ குடி. ஒரு மணி நேரம் கழிச்சி வா.”

அவன் தயங்கினான். கையைக் காட்டி விரட்டினாள். அவன் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“தண்ணி கேக்கக் கையி போதும்க்கா. பசிச்சா வயித்தத் தொட்டுக் காமிப்பேன். அதுக்கெல்லாமா கொரல செலவு பண்றது?”

கையால் சொல்ல முடியாததை மட்டும் சொல்வேன் என்றாள். இவ்வளவு தெளிவு எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

முதலில் மகளைக் கூப்பிட்டாள். நிவேதா ஏழாவது படிக்கிறாள். “ஏய் நிவே, எழுந்திரு, மணி ஆயிடுச்சி.” கோபமும் கொஞ்சலும் சரிபாதி. சொல்லி முடித்து மூச்சு வாங்கினாள். நான் புரோகிராமை மூடினேன், திறந்தேன், தொட்டேன். ஏய் நிவே என்றது. “என் கொரலு இவ்ளோ கேவலமாவா இருக்குது?” என்று கேட்டாள். பிறகு பக்கத்தில் பிரம்மதேசம் கிராமத்தில் இருக்கும் தன் அம்மாவுக்கு ஒன்று: “யம்மா, நான் நல்லாருக்கேன், நீ துன்னியா?” பிறகு ஒரு ‘யோவ்’. பிறகு நல்ல ஒரு வசவு. அதை இங்கே எழுத முடியாது, உப்பளத்துக்கு அவசியம் தேவை என்றாள். சிரிப்பு ஒன்று பிடிக்கலாம் என்று நான் சொன்னேன். முயன்றாள், இருமல்தான் வந்தது. விட்டுவிட்டோம்.

வெந்நீர் குடித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி இருந்தவள், “இப்ப பாரு,” என்றாள். மைக்குக்குப் பக்கத்தில் வந்து, “ம்,” என்றாள்.

“என்னா?”

“அதான். ‘ம்’. எழுதிக்க.”

“ம்முக்கு எதுக்கும்மா ஃபைலு?”

அவளால் விட்டு விட்டுத்தான் சொல்ல முடிந்தது. நான் சேர்த்து எழுதுகிறேன்.

“நான் வேல முடிச்சி வீட்டுக்கு வந்தப்பறம், மோட்டார் போட்டுட்டு அவரு தெனமும் போன் பண்ணுவாருக்கா. முக்கா மணி நேரம் பேசுவாரு. தண்ணி எப்படி வந்திச்சி, எந்தக் கொக்கு எங்க ஒக்காந்திச்சி, வீடியோல என்னா பாத்தாரு, எல்லாம். ஊரே அவர வாயில்லாப் பூச்சின்னுது. அவரு பேசுறது எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் ஒண்ணும் பேச மாட்டேன், ம் மட்டும் கொட்டுவேன். ஒரு ம் வுட்டுட்டா நிறுத்திடுவாரு. நான் கேக்கலன்னு நெனச்சிக்குவாரு. ம் இல்லாம போச்சின்னா அப்பறம் யாருகிட்ட பேசுவாரு?”

மறு கேள்வி கேட்காமல் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

ஐந்து விதமாக ‘ம்’ சொன்னாள். சும்மா ஒன்று. ‘அப்புறம்?’ என்று கேட்கிற ஒன்று, கடைசியில் மேலே ஏறும். நம்பாத ஒன்று, மூக்கால் வரும். ‘அய்யோ பாவம்’ என்கிற ஒன்று, நீளமாக. கடைசியாக, ‘போதும், சோறு ஆறுது, போனை வை’ என்கிற ஒன்று. ஐந்தாவதைச் சொல்லும்போது குரல் முறிந்துவிட்டது. மூன்று தரம் முயன்றோம். மூன்றாவது தரத்தில் ஏதோ வந்தது, அதையே வைத்துக்கொண்டோம். அவனிடம் இதைப் பற்றிச் சொல்லக் கூடாது, வெட்கமாக இருக்கிறது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அந்த ஃபைல்களை லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, என் கம்ப்யூட்டரில் ஒன்று, என் மெயிலில் ஒன்று என்று நான்கு இடத்தில் வைத்தேன். அவன் கண்ணில் படாமல் இருக்க ஐந்து ‘ம்’மை மட்டும் லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டேன். பட்ட பிறகுதானே புத்தி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் துணி கட்டிக்கொண்டு தீபாவளி கழித்து வீட்டுக்கு வந்தாள். மழைக் காலம் முழுக்க அவனும் வீட்டிலேயே இருந்தான். அவளுடைய பழைய போனில் நான் அந்தக் கட்டங்களைப் போட்டுக் கொடுத்தேன். ‘ஏய் நிவே’ தினமும் காலையில் ஒலித்தது. ‘யோவ்’ ஒலித்தபோதெல்லாம் விஜயகுமார் சமையல்கட்டுக்கு ஓடினான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவன் பேசுவதில்லை. வீட்டுக்குள் அவன் எப்போதும் பேசியதில்லையாம், பேச்செல்லாம் போனில்தான். அந்த ஐந்து ‘ம்’ கட்டங்கள் தொடப்படாமலே இருந்தன.

தையில் உப்பளம் தொடங்கியது. விஜயகுமார் மோட்டார் கொட்டகைக்குப் போனான். போன் பண்ணவில்லை. பேச முடியாதவளுக்கு எதற்கு போன் என்று நினைத்திருப்பான், அல்லது பண்ணினால் அவள் மனசு நோகும் என்று நினைத்திருப்பான். ஒரு வாரம், இரண்டு வாரம். மதியச் சோறு வாங்கிப் போக வந்த மேஸ்திரியிடம் ஒருநாள் விசாரித்தேன். “மெஷினாட்டம் இருக்கிறான்மா. எங்கிட்ட தலையக்கூட ஆட்றதில்ல,” என்றார்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை பகல், தெய்வநாயகி போட்டோ பிரிண்ட் எடுக்க என் கடைக்கு வந்தாள். பிரிண்ட் வருவதற்குள் தன் போனை எடுத்து அவனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். பழைய போனையும் எடுத்துக் கட்டங்களைத் திறந்து கவுண்டர் மேல் வைத்தாள்.

உடனே அவன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் மோட்டார் இரைந்தது.

“நாயகி? என்னா ஆச்சி? ஒடம்பு எதனா பண்ணுதா? பக்கத்துல யாரு இருக்கீங்க?”

அவள் முதல் கட்டத்தைத் தொட்டாள்.

“ம்,” என்றது அவள் குரல்.

லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். மோட்டார் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் விடாமல் இன்னொரு தரம் தொட்டாள். ம்.

“இத எப்ப...” என்றான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாள் எப்போதோ வெளியே வந்து விழுந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நாலு மாசமா எவ்ளோ கெடக்குது தெரியுமா, நாயகி? ஒண்ணும் யாருகிட்டயும் சொல்லல. எங்கேருந்து சொல்றது?”

அவள் இரண்டாவது கட்டத்தைத் தொட்டாள். கடைசியில் மேலே ஏறுகிற ‘ம்’.

“உன்ன ஆபரேஷனுக்கு உள்ள கூட்டினு போனாங்க பாரு, அன்னிக்கி கதவுக்கு வெளிய நின்னுனு இருந்தேன்...” என்று விஜயகுமார் ஆரம்பித்தான்.